பின்சீட்டில் ஓர் ஆள்

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் பந்தயம் தெரியாது. கணவன் பந்தயக்காரன் என்று தெரிந்துதான் கழுத்தை நீட்டினாள். ஆனால் அது யானைக்குத் தீனி போடுகிற தொழில் என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முன்பு அவள் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து மண்டபங்களை வாடகைக்கு விடும் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடக்கிற எந்த இடத்திலும் ஒரு நாற்காலியைப் போட்டு, அந்த நாற்காலிக்கு ஓர் ஆளையும் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

அணியைத் தொடங்கியவர் மாமனார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, அதற்குள் ஒரே ஒரு பந்தயக் கார், அதைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிற ஒரு மெக்கானிக், மூட்டை தூக்க இரண்டு ஆட்கள். அவ்வளவுதான் அணி. மாமனார் ஐம்பது வயதுவரை தானே ஓட்டினார். பிறகு ஸ்டீயரிங்கை மகனிடம் கொடுத்துவிட்டு, வாயை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். மகன் எந்த வளைவில் எப்படித் திரும்பியிருக்க வேண்டும் என்பதைச் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பல வருடங்களாக ஒரு பெயின்ட் கம்பெனி காரின் இரு பக்கமும் தன் பெயரை எழுதிக்கொண்டு செலவில் பாதியைப் பார்த்துக்கொண்டது. கம்பெனி கைமாறியதும் புதிய முதலாளி முதல் வேலையாக அந்தப் பணத்தை நிறுத்தினார். டயர், எஞ்சின், போட்டிக் கட்டணம், காரை ஏற்றிச் செல்லும் லாரி வாடகை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அப்பாவும் மகனும் பட்டறையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது தேநீர் கொண்டுபோன மருமகள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“இதுல ஏன் ஒரே ஒரு சீட்டு?” என்று கேட்டாள்.

கணவன் சிரித்தான். மெக்கானிக் சிரிக்கவில்லை. மூலையில் பழைய காரின் உடல் ஒன்று தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அவர் எழுந்துபோய் அதன் தார்ப்பாயை விலக்கி, முதுகுப் பக்கம் எவ்வளவு நீட்டலாம் என்று கையால் அளந்து பார்த்தார். அன்று தொடங்கிய வேலைதான். ஓட்டுகிறவருக்குப் பின்னால் இன்னொரு சீட்டு, அதில் உட்காருகிறவரின் கால்கள் ஓட்டுகிறவரின் இரு பக்கமும் நீண்டிருக்கும். பயணிக்கும் ஓட்டுநருக்கும் பேச ஹெல்மெட்டுக்குள் மைக். பயணியின் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். பயமாக இருந்தால் அமுக்கலாம், ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். பந்தயச் சங்கத்துப் பொறியாளர்கள் வந்து தட்டி, உருட்டி, ஆட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

பந்தய ஓடுபாதையை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பந்தயக் காரில் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில சுற்றுகளை விற்பது. இதுதான் அவள் திட்டம். பிறந்தநாள் பரிசு, திருமண நாள் பரிசு, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தார் சேர்ந்து கொடுக்கும் பரிசு என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். முதல் வருடம் டயர் செலவு அதிலேயே கழிந்தது. அடுத்த வருடம் போட்டிக் கட்டணமும்.

மாமனார் மட்டும் அந்தக் காரைத் தொட்டதில்லை. அதற்கு ‘பல்லக்கு’ என்று பெயர் வைத்தார். “பணக்காரங்க ஏறி உட்காருவாங்க, நாம தூக்கிட்டு ஓடணும்” என்று விளக்கமும் கொடுத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மெக்கானிக்கே டயர் கடைக்குப் போன் செய்து, பல்லக்குக்கு நாலு டயர் வேண்டும் என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது.

இப்படி ஒரு சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணவனின் மணிக்கட்டு உடைந்தது. போட்டியில் பக்கத்தில் வந்தவன் சக்கரத்தோடு சக்கரம் உரசினான். ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பியது, கையை எடுக்க நேரமில்லை. காருக்கு ஒரு கீறல். எலும்பில் ஒரு விரிசல். கட்டுப் போட்ட டாக்டர், ஒன்றரை மாதத்துக்கு ஸ்டீயரிங்கைக் கனவில்கூடத் தொடக் கூடாது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லக்குக்கு நாள் முழுக்க ஆள் நிரம்பியிருந்தது. ஓடுபாதை வாடகை, ஆம்புலன்ஸ், காப்பீடு எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. கட்டியதைக்கூட விட்டுத்தள்ளலாம். வந்தவர்களிடம் வாங்கிய பணம் முழுவதும் பந்தயக் காரின் எஞ்சினைப் புதுப்பிக்கப் போயிருந்தது. திருப்பிக் கொடு என்று எல்லோரும் கேட்டால், எஞ்சினைக் கழற்றித் துண்டு துண்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

அவள் தெரிந்த ஓட்டுநர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒருவர் வெளியூரில் இருந்தார். இன்னொருவர் கேட்ட கூலியைக் கொடுத்தால் அன்றைய வரவு மொத்தமும் அவர் பைக்குள் போய்விடும். கணவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, ஒற்றைக் கையாலேயே ஓட்டிவிடுவேன் என்றான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கையைக் கீழே போட்டுக்கொண்டான்.

மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆள். மாமனார் வருடம் தவறாமல் உடல் பரிசோதனை செய்துகொண்டு பந்தய உரிமத்தைப் புதுப்பித்து வந்தார். கட்டணம் கட்டுகிறவள் அவள்தான். ஓட்டாதவருக்கு உரிமம் எதற்கு என்று அவள் ஒருபோதும் கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதுதான் அவருக்கு மரியாதை என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனாள். மாமனார் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, ஞாயித்துக்கிழமை நீங்கதான் ஓட்டணும்.”

“பல்லக்கா? எனக்குத் தோள்ல வலு இல்லம்மா” என்றார், தலையைத் தூக்காமல்.

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கௌரவம் பார்க்கிற நேரமா இது என்று தொடங்கி, அணியே மூழ்கிப்போகும் என்பதுவரை அவளிடம் பதில்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. முதல் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

“கௌரவம்னு நினைச்சுட்டு வந்திருக்க. அது இல்லம்மா. நான் சுவத்துல மோதியிருக்கேன், தலைகீழாக் கவுந்திருக்கேன். ஒரு தடவைகூட பயந்ததில்ல. ஏன்னா உள்ள நான் ஒருத்தன்தான். பின்னாடி ஒரு ஆள் உட்கார்ந்தா கதை வேற. அவங்க சிரிக்கிறாங்களா, மயங்கிட்டாங்களா, எனக்கு எதுவும் தெரியாது. கண்ணாடியில வெறும் ஹெல்மெட்தான் தெரியும். அந்த ஆளுக்காக வீட்டுல யாரோ காத்துட்டு இருப்பாங்க. அந்தப் பாரத்தோட என்னால காலை அழுத்த முடியாது.”

மருமகள் இத்தனை காலமும் அவரை வீம்பு பிடித்த மனிதர் என்றே நினைத்திருந்தாள். கணவனிடம் அப்படிச் சொல்லி எத்தனையோ முறை பொரிந்து தள்ளியும் இருக்கிறாள். பல்லக்கு என்ற கேலிக்குப் பின்னால் இப்படி ஒரு பயம் ஒளிந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்கார்ந்தாள்.

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். புது ஓட்டுநர் யாராக இருந்தாலும், வெளியாட்களை ஏற்றுவதற்கு முன்பு அணியைச் சேர்ந்த ஒருவரைப் பின்னால் வைத்துச் சில சுற்றுகள் ஓட்டிக் காட்ட வேண்டும்; ஓடுபாதைப் பாதுகாப்பு அதிகாரி பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அது விதி. “அந்தச் சீட்டுல நான் உட்கார்றேன். அதுக்கப்புறமும் உங்களால முடியாதுன்னா, நான் எல்லாருக்கும் போன் பண்ணி கால்ல விழுந்துக்கிறேன். உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீயா? ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே தலை சுத்துதுன்னு எழுந்து ஓடுவ.”

“சுத்தட்டும் மாமா. ஒரு நாள்தானே.”

இத்தனை வருடமாக அந்தச் சீட்டை விற்றவள் அதில் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மாமனார் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பல்லக்கின் பின் டயரில் எவ்வளவு காற்று வைக்கிறாய் என்று கேட்டார். அந்த வீட்டில் சம்மதம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

சனிக்கிழமை பிற்பகல் ஓடுபாதை வெறிச்சென்று கிடந்தது. பாதுகாப்பு அதிகாரி நெட்டையான பெண்மணி, கழுத்தில் விசில் தொங்கும், தேவையில்லாமல் சிரிக்க மாட்டார். மாமனாரின் உரிமத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமனாரையும் அதே போலப் பார்த்துவிட்டு, தொடங்கலாம் என்றார்.

மருமகள் தீப்பிடிக்காத உடையை மாட்டிக்கொண்டு சீட்டுக்குள் இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிடச் செருகப்பட்டாள் என்பதே சரி. மெக்கானிக் தோளுக்கு மேலும் இடுப்பிலும் கால்களுக்கிடையிலும் பெல்ட்டுகளை மாட்டினார்.

“மூச்சு விட முடியுதா?”

“கொஞ்சம் முடியுது அண்ணா.”

“அப்ப இன்னொரு இழுப்பு” என்று சொல்லி இழுத்தார்.

கார் புறப்பட்டது. முதல் சுற்றில் அவளுக்குத் தலையே சுற்றவில்லை. ஏனென்று சற்று நேரத்தில் புரிந்தது. பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவருகிறவர்போல ஓட்டிக்கொண்டிருந்தார் மாமனார். வளைவுகளுக்கு வெகு முன்பாகவே வேகத்தைக் குறைத்தார். நேர்ப்பாதையில்கூட எஞ்சின் முனகிக்கொண்டுதான் வந்தது. ஓரத்தில் நின்ற பாதுகாப்பு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

அவள் மைக்கில் பேசினாள். “மாமா, இந்த வேகத்துக்கு டிக்கெட் வித்தா என்னைப் பிடிச்சு உள்ள வைப்பாங்க.”

காதுக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது. அடுத்த நொடி அவள் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்ததே இல்லை. நேர்ப்பாதை காலடியில் சுருட்டிக்கொண்டு ஓடியது. பிரேக் விழுந்தபோது உடம்பு மொத்தமும் பெல்ட்டில் தொங்கியது. வளைவில் யாரோ ஹெல்மெட்டைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தார்கள். ஆனால் ஒன்று மட்டும் அவள் மனத்தில் தெளிவாகப் பதிந்தது. எதுவுமே திடுக்கென்று வரவில்லை. பிரேக்கிலிருந்து கால் எடுப்பது, திரும்புவது, மறுபடி வேகம் எடுப்பது எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து வந்தன. கணவனோடு கடைவீதிக்குப் போகும்போதுகூட இதைவிட அதிகமாகக் குலுங்கியிருக்கிறாள்.

மூன்றாவது சுற்றில், ஒரு வளைவின் நடுவில் அவள் கை நழுவிப் பொத்தான்மேல் அழுந்திவிட்டது.

கார் உடனே தணிந்தது. அதிலும் குலுக்கல் இல்லை. ஓரமாக ஒதுங்கி உருண்டது. “என்னம்மா? என்ன பண்ணுது?” என்றார். அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

“ஒண்ணும் இல்ல மாமா. கை தவறிப் பட்டுடுச்சு. நான் நல்லா இருக்கேன்.”

கார் நடைவேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

“விளக்கு நல்லா பளிச்சுனு தெரியுது” என்றார் கடைசியில். “இப்படித் தெரியும்னு நான் நினைக்கல. இனிமே ஏதாவது பேசிக்கிட்டே வா. பேச்சும் வருது, விளக்கும் இருக்குன்னா அப்புறம் எனக்கென்ன? பின்னாடி ஆள் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுடும்.”

அவள் பேசினாள். என்ன பேசுவதென்று தெரியாமல், வாங்க வேண்டிய மளிகைச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அரிசியில் தொடங்கித் துணி துவைக்கும் சோப்புக்கு வருவதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. இறங்கியபோது தலை சுற்றியது என்பது உண்மை. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்ததைக் கணவன் பார்த்துவிட்டான். பாதுகாப்பு அதிகாரி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தானும் ஒரு நாள் வர வேண்டும் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஞாயிறு காலை ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஓட்டப்போவது வேறு ஆள் என்பதை மருமகள் மறைக்கவில்லை. மாமனாரைப் பக்கத்தில் நிறுத்தி, இவர்தான் இந்த அணியைத் தொடங்கியவர், என் கணவருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், வேண்டாம் என்கிறவர்கள் இப்போதே பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றாள். எல்லோரும் கை நீட்டினால் கொடுக்கப் பணமில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். யாரும் நகரவில்லை. நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் மட்டும் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்கள்.

ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மாமனார் ஒரே கட்டளையைச் சொன்னார்: என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன். முதலில் ஏறியவர் பல் டாக்டர். பேச வேறெதுவும் தோன்றாமல், ஈறுகளை எப்படிப் பாதுகாப்பது என்று மாமனாருக்கு முழு ஆலோசனையும் வழங்கிவிட்டார். கடைசி வளைவில் அவர் குரல் கீச்சென்று போனது, ஆனால் அறிவுரை நிற்கவில்லை. மைக்கில் வருவது, காதுக்கருவி மாட்டிப் பாதையோரம் நின்ற மெக்கானிக்கின் காதிலும் விழும். அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தபோதுதான் மருமகளுக்கு அந்த யோசனை வந்தது. சம்மதிக்கிறவர்களின் பேச்சை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டாள்.

அதோடு காத்திருந்தவர்களுக்கு அலுப்பே தெரியவில்லை. ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடக்கம் முதல் கடைசிவரை பிசகாமல் ஒப்பித்தார். வேகம் கூடக் கூட வாய்ப்பாடும் ஓட்டம் பிடித்தது. அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிற ஒரு பெண், மாப்பிள்ளையைப் பற்றித் தன் மனத்தில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். நல்லவேளையாக எல்லாம் நல்ல விதமாகவே இருந்தது. மாப்பிள்ளை கீழே நின்று காது சிவந்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் அங்கேயே பணத்தைக் கொடுத்து வரிசையில் சேர்ந்தார்கள்.

மதியத்துக்குச் சற்று முன்பு ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஏறினார். இருப்பதிலேயே விலை கூடிய, அதிகச் சுற்றுகள் கொண்ட டிக்கெட் அவருடையது. பேச வேண்டும் என்றதற்கு அவர் “இன்னும் வேகம், இன்னும் வேகம்” என்பதை மட்டுமே பேசினார். பாதிச் சுற்றுகள் முடிந்திருந்தன. கார் திடீரென்று தணிந்து நடுவேகத்தில் வரத் தொடங்கியது.

ஒலிபெருக்கியில் கான்ட்ராக்டரின் குரல் அதட்டியது. “ஏன் ஸ்லோ பண்றீங்க?”

“பிரேக் மெத்துனு ஆயிடுச்சு சார்” என்றார் மாமனார், வெயில் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்கிற தொனியில். “கியர்லயே குறைச்சுக் குறைச்சு வீட்டுக்குப் போயிடலாம். நீங்க பாட்டுக்குப் பேசிட்டு வாங்க.”

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் மருமகளின் முகத்தைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியின் விசை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அதன் பக்கம் போகவும் செய்தது. போன கையை மடக்கிக்கொண்டாள். கேட்டதைக் கேட்கவில்லை என்று ஆக்க முடியாது. விசையை அணைத்தால் பயம்தான் பெரிதாகும். மாமனார் ஒவ்வொரு கியராகக் குறைத்து, வளைவுகளை அகலமாக எடுத்து, எஞ்சினையே பிரேக்காக்கிக் காரைக் கொண்டுவந்து, கோடு போட்டிருந்த இடத்திலேயே நிறுத்தினார். அவர் இறங்கியபோது சிலர் கை தட்டினார்கள்.

காரணம் எளிமையானதுதான். காலையிலிருந்து இடைவெளி விடாமல் ஓட்டியதில் பிரேக் எண்ணெய் கொதித்துப்போயிருந்தது. பழைய எண்ணெயை இறக்கிப் புதியதை ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டார். இடைவெளி விடாமல் ஆட்களை அனுப்பியது தன் அவசரம் என்று மருமகளுக்குத் தெரியும். அதைக் கூட்டத்தின் முன்னால் அப்படியே சொன்னாள். இனி ஒவ்வொருவருக்கும் இடையில் கார் ஆறுவதற்கு நேரம் விடப்போவதாகவும், அதனால் மாலை தாமதமாகும் என்றும், விருப்பப்பட்டால் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் வந்து நின்று பிரேக் வேலையை அருகிலிருந்தே பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

தலைமையாசிரியை முதல் ஆளாக வந்து நின்றார். கேள்விமேல் கேள்வி கேட்டார். ஜென்மத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாத மெக்கானிக், காருக்கு அடியில் படுத்தபடி பிரேக் எண்ணெய் ஏன் கொதிக்கிறது என்று பாடமே நடத்தினார்.

கான்ட்ராக்டர் மட்டும் பாதிச் சவாரிக்கு முழுப் பணமா என்று சண்டைக்கு நின்றார். மருமகள் பேரம் பேசவில்லை. அன்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கொடுத்த பணத்திலிருந்து அவருடையதை முழுவதுமாக எடுத்துக் கொடுத்தாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டாரே தவிர, போகவும் மனமில்லை. கயிற்றோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். கார் தயாராகி மறுபடி ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து, தன்னை மறுபடி ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இன்று இடமில்லை, அடுத்த தேதியில் பார்க்கலாம் என்றாள். தனக்கும் இரண்டு தம்பிகளுக்கும் சேர்த்து அங்கேயே பணம் கட்டிவிட்டுப் போனார்.

வெயில் சாயும் நேரத்தில் கடைசி ஆளும் இறங்கினார். மாமனார் ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மகன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான்.

“எப்படி இருந்துச்சுப்பா?”

“உன்னைவிட நல்லாத்தான் ஓட்டினேன்” என்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். “நான் ஓட்டுறதுன்னா விலையைக் கொஞ்சம் ஏத்தும்மா. அதே ரேட்டுக்கு என்னைக் கொடுக்காத.”

அன்றிரவு படுக்கையில் அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இதுவரை போட்டி நடக்கிற நாட்களில் பல்லக்கை ஓட்ட முடியாது. ஓட்டுகிறவன் போட்டியில் இருப்பான். ஆனால் கூட்டம் வருவது அந்த நாட்களில்தானே? ஓடுபாதைக்குத் தனி வாடகை இல்லை, ஆம்புலன்ஸ் ஏற்கெனவே நிற்கும், ஆயிரக்கணக்கானவர்கள் கையில் பணத்தோடு மைதானத்திலேயே இருப்பார்கள். உணவு இடைவேளையில் பாதை சும்மாதான் கிடக்கிறது. காலியாகக் கிடக்கிற இடம்.

போட்டி நடத்துகிறவர்களிடம் பேசி அனுமதி வாங்குவதற்குள் அவள் செருப்பு தேய்ந்தது. முதலில் பிடி கொடுக்கவே இல்லை. நெட்டைப் பாதுகாப்பு அதிகாரி ஒரு வரி எழுதிக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினார்கள்.

கணவனின் கை குணமாகி அவன் முதல்முறை களமிறங்கிய போட்டியன்று, உணவு இடைவேளையில் மாமனார் பல்லக்கில் ஆட்களை ஏற்றினார். வரிசை கழிப்பறைவரை நீண்டது. இடைவேளை முடிந்து, பந்தயம் தொடங்கி, கணவன் நான்காவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது வேறோர் அணியின் முதலாளி மருமகளைத் தேடி வந்தார். இவர்களுடையதைவிடப் பெரிய அணி, ஆனால் அவருக்கும் அந்த வருடம் விளம்பரக்காரர் ஒருவர் கைவிரித்திருந்தார். இந்த இரட்டைச் சீட்டு வண்டியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

“வாங்கல சார். எங்க பட்டறையில செஞ்சது. உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு கொடுக்கலாம்” என்று சொல்லி விலையையும் சொன்னாள். அந்த நொடியில் அவள் மனத்தில் போட்ட விலை அது. முதலில் தோன்றியதைவிட ஒன்றரை மடங்கு.

அவர் யோசிப்பதற்குள் ஒலிபெருக்கியில் கணவனின் காரைப் பற்றி அறிவித்தார்கள். கியர்பாக்ஸ் உடைந்து, கார் ஓரமாக நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். முதலாளி உச்சுக்கொட்டினார். கியர்பாக்ஸ் என்ன விலை விற்கிறது என்பது அவருக்கும் தெரியும். குரலில் உடனே பேரம் வந்துவிட்டது. இந்த நேரத்தில் உங்களுக்கும் பணம் தேவைப்படும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

போன வருடமாக இருந்தால் அவள் விலையில் இறங்கி வந்திருப்பாள். இன்று லாரியில் மாற்று கியர்பாக்ஸ் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. இன்னொன்று வாங்கவும் வழி இருந்தது.

“பார்த்துத்தான் சார் சொன்னேன். விலை அதுதான். பாதி முன்பணம், மிச்சம் வண்டியை ஓட்டிப் பார்த்த அப்புறம் கொடுங்க. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?”

முதலாளி பாதையைப் பார்த்தார், பல்லக்கைப் பார்த்தார், அதன் பக்கத்தில் இன்னும் கலையாமல் மாமனாரோடு படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்தார். கூப்பிடுங்கள் என்றார்.

அவள் மெக்கானிக்குக் கை காட்டினாள். தூரத்தில் கணவன் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாதையோரமாக நடந்து வந்துகொண்டிருந்தான். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனை நோக்கி வேகமாகப் போனார். கியர் மாற்றியது எந்த இடத்தில் தப்பு என்று அவர் சொல்லத் தொடங்கியது அவர் கை ஆட்டத்திலேயே தெரிந்தது. கணவனும் விட்டுக்கொடுக்காமல் திருப்பிக் கை ஆட்டினான். இரண்டு பேரும் பேசி முடிக்க நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதலாளிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.